விளையாட்டு மைதானமும் நியாயஸ்தலமும்

ஒரு தேசத்து ஜனங்கள் எதற்காகத் தங்கள் காசை மனமுவந்து கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், அவர்கள் எதை நேசிக்கிறார்கள் என்பது விளங்கும். அந்தக் காசு யார் கையில் போய்ச் சேருகிறது என்று பார்த்தால், அந்தத் தேசத்தில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் விளங்கும். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விளையாட்டு வேடிக்கைகள் பெருவளர்ச்சி அடைந்தன. அவ்வளர்ச்சியை இவ்விரண்டு கேள்விகளையும் மனத்திற்கொண்டு ஆராய்வோமானால், பந்தாட்டக் கதையாகத் தோன்றுவது ஒரு ஜனநாயகத்தின் சரித்திரமாகவே விரிவதைக் காண்போம்.

அமெரிக்கர் அதுகாறும் பெரும்பாலும் கிராமவாசிகளாகவே இருந்தனர். 1920-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட ஜனத்தொகைக் கணக்கில்தான் நகரவாசிகளின் தொகை முதன்முறையாகப் பாதிக்கு மேற்பட்டது. ஆலைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்த இந்நகரவாசிகளுக்குக் கையில் கூலியும், வாரத்தில் சில மணி நேர ஓய்வும் கிடைத்தன. நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் சில காசுகள் செலவில் மைதானத்துக்குக் கொண்டுபோய்விட மின்சார டிராம் வண்டிகள் இருந்தன. புரூக்ளின் நகரத்துப் பந்தாட்டக் கோஷ்டிக்கு 'டாட்ஜர்ஸ்' என்று பெயர் வந்ததே, அந்நகரத் தெருக்களில் டிராம் வண்டிகளுக்கு இடையே புகுந்து தப்பி நடக்க வேண்டியிருந்ததனால்தான். இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாதிருந்தும், ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே கோஷ்டிக்காக ஆரவாரிக்கக் கற்றுக்கொண்டனர். புதிய தேசத்தில் அவர்கள் பெற்ற முதல் பொது உடைமை அந்த ஆரவாரம் என்றே சொல்லலாம்.

இவ்விளையாட்டுகளில் முதன்மையானது பேஸ்பால் என்னும் பந்தாட்டம். மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படுவதில் கிரிக்கெட்டுக்கு உறவு. ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். 'நேஷனல் லீக்', 'அமெரிக்கன் லீக்' என்னும் இரண்டு பெரிய ஸ்தாபனங்களின் வெற்றியாளர்களும் மோதும் 'உலகத் தொடர்' 1903-ஆம் ஆண்டு தொடங்கியது. 1901-ல் இவ்விரு லீகுகளின் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் சுமார் 36 லட்சம் பேர்; 1909-ல் சுமார் 72 லட்சம் பேர். எட்டே ஆண்டுகளில் கூட்டம் இரட்டித்துவிட்டது.

இக்கூட்டத்தைப் பழைய மர மேடைகள் தாங்கவில்லை. அவை தீப்பற்றுவதும் இடிந்து விழுவதும் அடிக்கடி நேர்ந்தன. 1903-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிலடெல்பியாவில் ஒரு மைதானத்தின் மேடை சரிந்து 12 பேர் மாண்டனர். 1909-ல் அதே நகரில் ஷைப் பார்க்கும், பிட்ஸ்பர்க் நகரில் போர்ப்ஸ் பீல்டும் இரும்பினாலும் கான்கிரீட்டினாலும் எழுப்பப்பட்டன. பாஸ்டனில் பென்வே பார்க் 1912-லும், நியூயார்க்கில் யாங்கி ஸ்டேடியம் 1923-லும் திறக்கப்பட்டன. கலாசாலை மாணவர்களின் அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்கும் இப்படியே மாளிகைகள் எழுந்தன. யேல் சர்வகலாசாலை 1914-ல் சுமார் 70,000 பேர் அமரக்கூடிய மைதானத்தைக் கட்டிற்று. கல்விச்சாலை ஒன்று தன் வகுப்புகளில் இருப்போரைக் காட்டிலும் பன்மடங்கு ஜனங்களுக்கு ஆசனம் போட்டது அக்காலத்து விசித்திரங்களில் ஒன்று.

சட்டமும் இந்தக் கூட்டத்துக்கு மெல்ல மெல்ல வழிவிட்டது. கிறிஸ்தவ ஓய்வு நாளாகிய ஞாயிற்றுக்கிழமையில் கட்டணம் வாங்கி ஆட்டம் நடத்துவது பல மாகாணங்களில் குற்றமாக இருந்தது. தொழிலாளிக்கு முழு ஓய்வு கிடைத்ததோ அந்த ஒரு நாளில்தான். நியூயார்க்கில் இத்தடை 1919-ல் நீங்கிற்று. பிலடெல்பியாவில் 1934-ஆம் ஆண்டு வரையில் நீங்கவில்லை. குத்துச் சண்டையும் அவ்வாறே. பல மாகாணங்களில் போலீசாருக்கு அஞ்சி மறைவில் நடந்துவந்த அது, 1920-ல் நியூயார்க் சட்டசபை செய்த சட்டத்தினால் மதிப்பான தொழிலாயிற்று. மறு ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி ஜெர்ஸி நகரில் ஜாக் டெம்ப்ஸிக்கும் பிரெஞ்சுக்காரராகிய கார்ப்பாந்தியேக்கும் நடந்த சண்டையைப் பார்க்கச் சுமார் 80,000 பேர் கூடினர். டிக்கெட் வசூல் 16 லட்சம் டாலருக்கு மேல். அதற்கு முன் எந்தச் சண்டைக்கும் வசூல் பத்து லட்சம் டாலரைத் தொட்டதில்லை. 1926-ல் டெம்ப்ஸி ஜீன் டன்னியிடம் தோற்றதைப் பிலடெல்பியாவில் மழையில் நனைந்துகொண்டு பார்த்தவர்கள் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள்.

பத்திரிகைகளின் பங்கையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. விளையாட்டுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கியதும், ஆட்டக்காரர்களுக்குப் பட்டப் பெயர்கள் சூட்டியதும், தந்தியில் வந்த நிலவரத்தைக் காரியாலய வாசலில் பெரிய பலகையில் காட்டித் தெருவையே மைதானமாக்கியதும் பத்திரிகைகள்தாம். விளையாட்டு பத்திரிகையை விற்றது. பத்திரிகை விளையாட்டை விற்றது. 1921-ல் ரேடியோவும் சேர்ந்துகொண்டது. டிக்கெட் வாங்க வகையற்றவர்களும் அதன் மூலம் கூட்டத்தில் ஓர் அங்கமாயினர்.

இப்பெருங்கூட்டத்தின் கண்மணியாக விளங்கியவர் பேப் ரூத். இவரைப் பாஸ்டன் சங்கத்தார் 1919-ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் யாங்கி சங்கத்துக்கு 1 லட்சம் டாலருக்கு விற்றனர். அடுத்த ஆண்டில் அவர் 54 'ஹோம் ரன்'கள் அடித்தார். அந்த ஓர் ஆண்டில் யாங்கி சங்கத்தின் ஆட்டங்களைக் காண வந்தவர்கள் 12 லட்சத்து 89 ஆயிரம் பேர். 1930-ல் அவருடைய சம்பளம் 80,000 டாலர். இவ்வளவு பெரும் சம்பளத்தைக் கண்டு வியப்பவர்கள், மேலே நாம் எழுதிய 'விற்றனர்' என்ற சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒரு மனிதர் விற்கப்பட்டார்; வாங்கப்பட்டார். அவருடைய சம்மதம் அந்த வியாபாரத்துக்கு அவசியமாக இருக்கவில்லை.

இதற்கு ஆதாரமாக இருந்தது 'ரிசர்வ்' ஷரத்து என்பது. 1879-ஆம் ஆண்டில் முதலாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடாகத் தோன்றி, பிறகு ஒவ்வொரு ஆட்டக்காரருடைய ஒப்பந்தத்திலும் இது இடம்பெற்றது. ஒப்பந்தத்தின் காலம் ஓராண்டு. ஆனால் ஆண்டு முடிந்தவுடன் அதைப் புதுப்பிக்கும் உரிமை சங்கத்துக்கு மட்டுமே உண்டு. ஆட்டக்காரர் வேறு சங்கத்துக்குப் போக முடியாது. சங்கமோ அவரை எவருக்கும் விற்கலாம், எந்த நேரத்திலும் நீக்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் கட்டி மறுபக்கத்தை அவிழ்த்துவிடும் ஒப்பந்தத்தை எந்த நியாயஸ்தலமும் கண்டு முகஞ்சுளிக்கும் என்று சட்டம் படித்த எவரும் எதிர்பார்ப்பர். நடந்ததோ வேறு.

1914, 1915-ஆம் ஆண்டுகளில் 'பெடரல் லீக்' என்னும் மூன்றாவது லீக் தோன்றிப் பழைய முதலாளிகளுடன் போட்டியிட்டது. போட்டி வந்தவுடன் ஆட்டக்காரர்களின் சம்பளம் உயர்ந்தது. சமரசம் ஏற்பட்டு அந்த லீக் கலைக்கப்பட்டவுடன் தாழ்ந்தது. சமரசத்தில் பங்கு கிடைக்காத பால்டிமோர் சங்கத்தார், 1890-ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டமாகிய ஷெர்மன் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தனர். ஜூரிகள் 80,000 டாலர் நஷ்டஈடு அளித்தனர். சட்டப்படி அது மும்மடங்காயிற்று. மேற்படி தீர்ப்பை அப்பீல் கோர்ட்டு தள்ளியது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1922-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி நீதிபதி ஹோம்ஸ் ஏகமனதான தீர்ப்பை வாசித்தார். ஷெர்மன் சட்டம் மாகாணங்களுக்கு இடையே நடக்கும் வர்த்தகத்துக்குத்தான் பொருந்தும். பந்தாட்டமோ ஓரிடத்தில், ஒரு மாகாணத்துக்குள் நடப்பது. ஆட்டக்காரர்கள் எல்லை தாண்டி ரயிலேறி வருவது அதற்கு உபாங்கமே. ஆகவே இது அத்தகைய வர்த்தகமாகாது. இதுவே தீர்ப்பின் சாரம். அக்காலத்தில் அமெரிக்க நியாயஸ்தலங்கள் வர்த்தகம் என்ற சொல்லுக்குப் பல வழக்குகளில் குறுகிய பொருளே கொண்டன என்பதையும் நியாயத்தை முன்னிட்டுச் சொல்ல வேண்டும்.

ஆயினும் அதே காலத்தில் அதே சொல் வேறொரு மனிதர் விஷயத்தில் எவ்வளவு விசாலமாக விரிந்தது என்பதை வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவர் ஜாக் ஜான்ஸன். டெக்ஸாஸ் மாகாணத்தில் பிறந்த கறுப்பு இனத்தவர். 1908-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாமி பர்ன்ஸ் என்பவரை வென்று, கனத்த எடைக் குத்துச் சண்டையில் உலக வீரர் என்ற பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பர் ஆனார். இதைப் பொறாத வெள்ளையர்கள், தோல்வி காணாமல் ஓய்வுபெற்றிருந்த ஜிம் ஜெப்ரீஸை மீண்டும் களத்துக்கு இழுத்து வந்தனர். 1910-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, நெவாடாவின் ரீனோ நகரில் சண்டை நடந்தது. பதினைந்தாவது சுற்றில் ஜெப்ரீஸ் வீழ்ந்தார். அன்றிரவே பல நகரங்களில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பர்களைத் தாக்கின, பலர் உயிரிழந்தனர்.

சண்டையின் சலனப் படத்தைக் காட்டக்கூடாதென்று நகரத்துக்கு நகரம் தடை விதித்தனர். 1912-ல் அமெரிக்க காங்கிரஸ், குத்துச் சண்டைப் படங்களை மாகாண எல்லை தாண்டிக் கொண்டுபோவதையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதையும் குற்றமாக்கிற்று. சட்டத்தின் வாசகத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எல்லாச் சண்டைப் படங்களுக்கும் அது பொதுவானது. ஆனால் எந்தப் படத்தைக் கண்டு அது பிறந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1915-ல் சுப்ரீம் கோர்ட்டு, வெளிநாட்டுப் படத்தைத் தடுப்பது வர்த்தகத்தை ஒழுங்கு செய்யும் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று இச்சட்டத்தை ஆதரித்தது. அந்தத் தடை 1940 வரையில் நீடித்தது.

படத்தோடு நிற்கவில்லை. 1910-ல் மான் சட்டம் என்று ஒன்று ஏற்பட்டது. பெண்களை ஒழுக்கக்கேடான நோக்கத்துடன் மாகாண எல்லை தாண்டி அழைத்துப் போவதை அது தண்டித்தது. அதற்கும் ஆதாரம் மாகாணங்களுக்கு இடையேயான வர்த்தக அதிகாரந்தான். தம்மோடு பழகிய ஒரு வெள்ளைப் பெண்மணியின் பிரயாணத்துக்கு ஜான்ஸன் பணம் உதவினார் என்பதைக் கொண்டு, 1913-ல் வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஓர் ஆண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை. அவர் அந்நிய நாடுகளுக்குத் தப்பிச் சென்றார். 1915-ல் ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் பட்டத்தை இழந்தார். 1920-ல் திரும்பி வந்து சரணடைந்து தண்டனையை அனுபவித்தார்.

ஆக, ஒரு பெண்மணி ரயிலேறி மாகாண எல்லையைத் தாண்டினால் அது வர்த்தகம். கறுப்பர் ஒருவரின் வெற்றியைக் காட்டும் படச்சுருள் எல்லையைத் தாண்டினால் அதுவும் வர்த்தகம். பல லட்சம் டாலர் வசூலுக்காகப் பந்தாட்டக் கோஷ்டிகள் ஊர் ஊராக ரயிலேறிப் போனால் அது மட்டும் வர்த்தகம் ஆகாது! இத்தீர்ப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் காட்ட நல்ல வக்கீல்களால் இயலும். சேர்த்து வைத்துப் பார்க்கும் சாமானிய ஜனங்களுக்கோ, எங்கே கண் திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்பதைச் சட்டம் வேறு எவரிடமிருந்தோ கேட்டு அறிந்தாற்போலத் தோன்றும்.

எழுதிய சட்டத்தைக் காட்டிலும் வலிமை வாய்ந்தது எழுதாத சட்டம். 1884-ல் மோஸஸ் பிளீட்வுட் வாக்கர் என்னும் கறுப்பர், டொலீடோ கோஷ்டியில் அக்காலத்துப் பெரிய லீக் ஒன்றில் ஆடியிருக்கிறார். ஆனால் அந்நூற்றாண்டு முடிவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது. கறுப்பரைச் சேர்க்கக்கூடாது என்று பெரிய லீகுகளின் விதிகளில் எங்கும் எழுதவில்லை. எழுதாததனால் எந்தக் கோர்ட்டிலும் அதை எதிர்க்க முடியவில்லை. பார்க்க வந்தவர்களிடத்திலும் பேதம் இருந்தது. ஸெயிண்ட் லூயிஸ் மைதானத்தில் கறுப்பு இனத்தார் 1944 வரையில் ஒரு தனிப் பகுதியில்தான் அமர வேண்டியிருந்தது. அவர்கள் கொடுத்த காசு மட்டும் பெட்டிக்குள் மற்றக் காசுகளோடு கலந்தே கிடந்தது. குத்துச் சண்டையிலும் ஜான்ஸனுக்குப் பிறகு 1937-ல் ஜோ லூயிஸ் வெல்லும் வரை, 22 ஆண்டுகள், கனத்த எடைப் பட்டத்துக்குப் போட்டியிட எந்தக் கறுப்பருக்கும் இடம் கொடுக்கப்படவில்லை. ஹாரி வில்ஸ் என்பவர் டெம்ப்ஸியுடன் மோதக் காத்திருந்தே முதுமை அடைந்தார்.

கதவு சாத்தப்பட்டவர்கள் கைகட்டி நிற்கவில்லை என்பது இச்சரித்திரத்தில் நமது மதிப்புக்கு மிகவும் உரிய பகுதி. ரூப் பாஸ்டர் என்னும் கறுப்பர், தாமே சிறந்த ஆட்டக்காரராகவும் கோஷ்டித் தலைவராகவும் இருந்தவர், 1920-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கான்ஸாஸ் நகரில் கறுப்பர் கோஷ்டிகளின் சங்கத்தாரைக் கூட்டி 'நீக்ரோ தேசீய லீக்'கை நிறுவினார். 1933 முதல் சிக்காகோவில் ஆண்டுதோறும் நடந்த கிழக்கு - மேற்கு ஆட்டத்துக்குப் பெருங்கூட்டம் கூடிற்று. தங்களுக்கு மறுக்கப்பட்ட ஸ்தாபனத்தைத் தாங்களே கட்டிக்கொள்வது எவ்வளவு பெரிய தேசத்தொண்டு என்பதை அறிந்தவர்களுக்கு பாஸ்டரின் பெருமை விளங்கும்.

பெரிய லீகுகளை ஆண்டவரோ கெனெஸா மௌன்டன் லாண்டிஸ் என்னும் முன்னாள் நீதிபதி. 1919-ஆம் ஆண்டு உலகத் தொடரில் சிக்காகோ கோஷ்டியார் சூதாடிகளிடம் பணம் பெற்றுத் தோற்றுக் கொடுத்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, ஜனங்களின் நம்பிக்கையை மீட்பதற்காக முதலாளிகள் 1920-ல் இவருக்குச் சர்வாதிகாரம் அளித்தனர். 1921 ஆகஸ்டு 2-ஆம் தேதி ஜூரிகள் ஆட்டக்காரர்களை விடுதலை செய்தனர்; மறுநாளே லாண்டிஸ் எட்டுப் பேரையும் ஆயுள் உள்ள வரையில் விலக்கி வைத்தார். ஆட்டத்தின் தூய்மைக்காக இது அவசியம் என்றே பலரும் நினைத்தனர். தூய்மையில் இவ்வளவு கண்டிப்புக் காட்டியவருடைய 24 ஆண்டு ஆட்சியில் ஒரு கறுப்பரும் பெரிய லீகில் நுழையவில்லை. அவர் 1944-ல் காலமானார்.

மாறுதல் மைதானத்துக்கு வெளியிலிருந்தே வந்தது. 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகையின் வெண்டல் ஸ்மித் போன்ற கறுப்புப் பத்திரிகாசிரியர்களும், பொதுவுடைமைக் கட்சிப் பத்திரிகையில் லெஸ்டர் ராட்னியும் ஆண்டுக்கணக்காக இந்த அநீதியை எழுதி வந்தனர். இரண்டாம் உலக யுத்தத்தில் கறுப்பர்களும் தேசத்துக்காகப் போராடிய பின், பழைய பேச்சு எடுபடவில்லை. புரூக்ளின் சங்கத்தின் பிராஞ்ச் ரிக்கி, அவரும் சட்டம் படித்தவரே, 1945-ல் ஜாக்கி ராபின்ஸனை ஒப்பந்தம் செய்தார். 1947 ஏப்ரல் 15-ஆம் தேதி ராபின்ஸன் பெரிய லீக் மைதானத்தில் இறங்கினார். இந்த நற்செயலிலும் ஒரு வடு உண்டு. ராபின்ஸன் அதற்கு முன் ஆடிய கான்ஸாஸ் நகரத்துக் கறுப்பர் சங்கத்துக்கு ரிக்கி ஒரு காசும் கொடுக்கவில்லை. முதலாளிகள் தங்களுக்குள் புனிதமாகப் பாவித்த ஒப்பந்த உரிமை, எதிர்க்கட்சி கறுப்பர் லீகின் சங்கமாக இருந்தபோது கவனத்துக்கே வரவில்லை.

ஆட்டக்காரரின் அடிமை ஒப்பந்தமோ இன்னும் நெடுங்காலம் நீடித்தது. சுப்ரீம் கோர்ட்டு 1955-ல் குத்துச் சண்டையையும் 1957-ல் கால்பந்தாட்டத்தையும் வர்த்தகம் என்றே தீர்மானித்து, பேஸ்பாலுக்கு மட்டும் பழைய விலக்கை விட்டு வைத்தது. கர்ட் பிளட் என்னும் கறுப்பு ஆட்டக்காரர், தம்மைக் கேளாமல் வேறு சங்கத்துக்கு மாற்றியதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1972-ல் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1975 டிசம்பரில் ஒரு மத்தியஸ்தரின் தீர்ப்பே அந்த ஷரத்தின் பிடியைத் தளர்த்தியது. கோர்ட்டு கொடுக்காததை ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கம் பெற்றுக் கொடுத்தது.

வேடிக்கை பார்ப்பது வீண்பொழுது என்று சிலர் இகழ்வதுண்டு. நாம் அக்கட்சியைச் சேர்ந்தவர்களல்லர். பல தேசத்திலிருந்து வந்த ஏழைகளை ஒரே குரலில் பேசவைத்த மைதானம் பெரும் பொதுச்சொத்து. ஆனால் பொதுச்சொத்து என்று ஜனங்கள் நம்புவதைத் தனிச்சொத்தாக ஆளுவோர் எந்தத் தேசத்திலும் தோன்றுவர். ஆரவாரத்தில் அவர்களுடைய கணக்கை எவரும் கேட்பதில்லை. பார்க்கும் காசு நமது என்றால், ஆடுபவர் யார், அவர் என்ன நிபந்தனையில் ஆடுகிறார் என்று கேட்கும் கடமையும் நமதே.

ஜாக் ஜான்ஸனுக்கு அமெரிக்க ஜனாதிபதியின் மன்னிப்பு 2018-ல் கிடைத்தது. அவர் இறந்து அப்போது ஏறத்தாழ 72 ஆண்டுகள் ஆகியிருந்தன. கறுப்பர் லீகுகளும் பெரிய லீகுகளே என்று 2020-ல் ஒப்புக்கொண்டனர். 2024-ல் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பேஸ்பால் சரித்திரத்திலேயே மட்டையடிச் சராசரியில் முதலாவதாக நின்றவர் ஜாஷ் கிப்ஸன் என்னும் கறுப்பர். அவர் 1947 ஜனவரியில், தமது 35-ஆவது வயதில், ராபின்ஸன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு காலமானவர். பெரிய லீக் மைதானத்தில் அந்த லீகின் ஆட்டக்காரராக அவரை ஒருவரும் பார்த்ததில்லை. 77 ஆண்டுகளுக்குப் பின் ஏட்டில் ஏறிய அந்த எண், கிப்ஸனுக்குச் செலுத்திய கடன் ஆகாது. காசு கொடுத்து வந்த கோடிக்கணக்கான ஜனங்கள் எதைப் பார்க்காமலே வீடு திரும்பினார்கள் என்பதற்கு அது எழுத்து மூலமான அத்தாட்சி.